சிப் மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இதை இன்னும் வேகமாக்க என்ன செய்யலாம்?" என்பதுதான். பழைய கார் வாங்கிய என் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் என் பதில் ஒன்றுதான். அந்த மெஷின் இப்போது உங்களிடம் என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். வேகத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்கிறீர்களா? பெட்ரோலை கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் மூலம் தெளிக்கும் பெரும்பாலான கார்களில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு ஈ.சி.யு. என்று பெயர். அதற்கும் பிராசசர், மெமரி, புரோகிராம் எல்லாம் உண்டு. மானிட்டரும் கீபோர்டும் மட்டும்தான் கிடையாது. ஆகவே உங்கள் வீட்டில் கார் இருந்தால், நீங்கள் நினைப்பதைவிட ஒரு கம்ப்யூட்டர் அதிகமாகவே உங்களிடம் இருக்கிறது.

நான் ஓட்டுவது 2002-ஆம் வருட ஹோண்டா சிட்டி, 1.5 வி-டெக். இந்தத் தலைமுறை சிட்டி இந்தியாவில் 1998-ல் விற்பனைக்கு வந்தது. வி-டெக் மாடலின் திறன் 106 குதிரைத்திறன். 2003-ல் இதன் இடத்துக்கு வந்த புதிய சிட்டியில் மைலேஜை முன்வைத்து வேறு இன்ஜின் போட்டார்கள். அதன் திறன் 77 குதிரைத்திறன் மட்டுமே. வேகப் பிரியர்கள் இன்றும் பழைய வி-டெக்கைத் தேடி அலைவதற்கு இந்த இரண்டு எண்களே காரணம். ஒரு நல்ல கேமிங் லேப்டாப்பின் விலைக்கு எனக்கு இது கிடைத்தது.

வி-டெக் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் வழியைத் திறந்து மூடுவது வால்வு. மெதுவாக ஓடும்போது அது கொஞ்சம் திறந்தால் போதும். வேகமாக ஓடும்போது அதிகம் திறக்க வேண்டும். ஹோண்டா 1989-ல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் ஒரு வழி கண்டது. இரண்டு வேலைக்கும் இரண்டு வடிவ கேம்கள். எப்போது எதைப் பயன்படுத்துவது என்பதை ஈ.சி.யு. முடிவு செய்யும்.

இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது, எவ்வளவு பாரம் இழுக்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையெல்லாம் சென்சார்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஈ.சி.யு. முடிவெடுக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அது நினைத்தால் இரண்டாவது கேமுக்கு மாற விடாது. சென்சார் தப்பாகச் சொன்னால் முடிவும் தப்பாகத்தான் இருக்கும். தவறான டேட்டா கொடுத்தால் தவறான விடைதான் வரும் என்று கம்ப்யூட்டர் வகுப்பின் முதல் நாளில் சொல்வார்களே, அதேதான்.

கார் போடும் பீப்

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் ஒரு பீப் கேட்கும். ராம் சரியாக உட்காரவில்லை என்றாலோ டிஸ்ப்ளே கார்டில் கோளாறு என்றாலோ அந்த பீப் வேறு மாதிரி ஒலிக்கும். அவார்டு பயாஸ் உள்ள பழைய போர்டுகளில் ஒரு நீண்ட பீப், இரண்டு குறுகிய பீப் என்றால் டிஸ்ப்ளே பிரச்னை என்று அர்த்தம்.

பழைய ஹோண்டா கார்களிலும் இப்படி ஒரு மொழி இருக்கிறது. டேஷ்போர்டின் அடியில் இரண்டு பின் கொண்ட சிறிய கனெக்டர் ஒன்று இருக்கும். அந்த இரண்டு பின்களையும் ஒரு வயர் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், 'செக் இன்ஜின்' விளக்கு விட்டுவிட்டு எரியும். நீண்ட மினுக்கு பத்து, குறுகிய மினுக்கு ஒன்று. ஆறு குறுகிய மினுக்கு என்றால் கோடு 6: தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சார். ஏழு என்றால் ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார். ஒரே ஒரு நீண்ட மினுக்கு என்றால் கோடு 10: உள்ளே போகும் காற்றின் சூட்டைச் சொல்லும் சென்சார். லேப்டாப் தேவையில்லை, சாப்ட்வேர் தேவையில்லை. உங்கள் மாடலுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்து, கனெக்டர் சரியானதுதானா என்று உறுதி செய்துகொண்டு மட்டும் இதைச் செய்யுங்கள்.

கார் வாங்கிய இரண்டாம் மாதம் என் வண்டியில் இழுவை போய்விட்டது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில் மல்லூர் தாண்டினால் லாரிகளை ஓவர்டேக் செய்யவே மூச்சு வாங்கியது. ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் காட்டினேன். ஈ.சி.யு. போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். நண்பர் ஒருவர், "எப்படியும் மாற்றப் போகிறாய், டியூன் செய்த சிப்பாகவே போட்டுவிடு" என்றார்.

ராசிபுரம் பக்கம் ஒரு சிறிய ஷெட்டில் வேலை செய்யும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். மினுக்குகளை நான் எண்ணிச் சொன்னேன்: 6, 7, 10. அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூணு பேரும் ஒரே நேரத்துல பொய் சொல்றாங்கன்னா, மூணு பேருக்கும் பொதுவா என்ன இருக்குதுன்னு பாருங்க தம்பி."

வயரிங் படத்தை லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். அந்த மூன்று சென்சார்களுக்கும் எர்த் ஒரே வயர். அதைத் தொட்டுக்கொண்டே போனால், யாரோ எப்போதோ அலாரம் மாட்டுவதற்காக வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்ட இடம் கிடைத்தது. உள்ளே செம்பு பச்சை பூத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டோம். இழுவை திரும்பி வந்துவிட்டது. ஈ.சி.யு. இன்றும் அதேதான்.

கோடு எண்ணைப் படிப்பது யாராலும் முடியும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிடிக்க அனுபவம் வேண்டும். லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லும் போர்வெல் ரிக் வண்டிகளில் திருச்செங்கோடும் பெயர் வாங்கியவை. இந்த ஊர்களில் அந்த அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் இல்லாதது பல நேரங்களில் டேட்டாதான். அதை எடுத்துக் கொடுக்க உங்கள் வீட்டு லேப்டாப்பால் முடியும்.

உங்கள் காரில் என்ன இருக்கிறது?

உங்களுடையது கொஞ்சம் புதிய கார் என்றால் வேலை இன்னும் சுலபம். இந்தியாவில் பி.எஸ். 4 கார்களுக்கு 2010-ல் ஓ.பி.டி. 1-ம், 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2-ம் கட்டாயமாயின. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டரை மாட்டி, மொபைலிலோ லேப்டாப்பிலோ படிக்கலாம்.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கடைகளில் 'ஈ.எல்.எம். 327' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். அசல் சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. நகல்களில் சில நன்றாக வேலை செய்யும். சில பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது. அதோடு, பயன்படுத்தி முடித்ததும் கழற்றி வையுங்கள். பலவற்றின் பாஸ்வேர்டு 1234 என்றே இருக்கும். பேட்டரியையும் சிறிது சிறிதாகக் குடிக்கும்.

இன்னொன்று, கோடை அழிப்பது ரிப்பேர் ஆகாது. பி0171 என்று வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஒரு சிறிய ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் அது வரும். 'கிளியர்' பட்டனை அழுத்தினால் விளக்கு அணையும், குழாய் ஒட்டிக்கொள்ளாது. விண்டோஸ் எர்ரர் பெட்டியில் ஓகே அழுத்திவிட்டு வேலையைத் தொடர்வது போலத்தான் இது.

சிப் டியூனிங் பற்றி

டியூனிங்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1990-களின் ஹோண்டா சிவிக் ஈ.சி.யு.க்களைத் திறந்து, அதில் 28 கால் சாக்கெட் ஒன்றை சால்டர் செய்து, சொந்தப் புரோகிராம் எழுதிய சிப்பை மாட்டிய ஆர்வலர்கள் உலகெங்கும் உண்டு. அந்தச் சிப்பின் அளவு 32 கிலோபைட். உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோ இதைப் போல நூறு மடங்கு இருக்கும். இவ்வளவு சிறிய புரோகிராம் ஒரு இன்ஜினை ஓட்டுகிறது என்பதே சாப்ட்வேர் படிப்பவர்களுக்கு நல்ல பாடம். 2000-களின் தொடக்கத்தில் வந்த மெகாஸ்குவர்ட், பின்னர் ஆர்டுயினோ போர்டில் உருவான ஸ்பீடுயினோ போன்றவை ஈ.சி.யு.வையே நாமே கட்டிக்கொள்ளும் அளவுக்கு வழி திறந்தன.

நான் எதிர்ப்பது, நோய் தெரியாமல் மருந்து வாங்குவதை. பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் மாற்றினால் இன்ஜினுக்குள் சூடு மாறும். சேலம், நாமக்கல் வெயிலில் ஏற்கெனவே திணறும் ரேடியேட்டரை வைத்துக்கொண்டு, யாரோ குளிர்நாட்டில் எழுதிய புரோகிராமை ஏற்றினால் பிஸ்டன்தான் பதில் சொல்லும். அதுவும் 'கிராக்' செய்த டியூனிங் சாப்ட்வேரை இறக்கி, ஆன்டி வைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வைரஸ் ஒரு கம்ப்யூட்டரைக் கெடுக்கும், தப்பான புரோகிராம் இன்னொன்றைக் கெடுக்கும். இரண்டாவது கம்ப்யூட்டரில் உங்கள் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் இதற்குத் தண்டனையும் வந்தது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சொல்லாமல் செய்த மாற்றம் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் தலைவலி தரும். வேகம்தான் ஆசை என்றால் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ரோட்டில் வேண்டாம்.

படிக்கும் உரிமை நம்முடையது

மாற்றும் உரிமைக்கு எல்லை இருப்பது நியாயம். ஆனால் படிக்கும் உரிமை? என் வண்டி ஒரு வயர் துண்டைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட்டது. புதிய கார்கள் சிலவற்றில் கம்பெனியின் அனுமதி பெற்ற கருவி இல்லாமல் பல வேலைகளைச் செய்ய முடிவதில்லை. அப்படியானால் ராசிபுரம் அண்ணனின் அனுபவத்துக்கு என்ன மதிப்பு?

இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்விதான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஹோண்டா உள்பட 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே ஓட்டுப் போட்டு, கார் ரிப்பேர் தகவல்கள் எல்லா மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றார்கள். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காகக் குழு அமைத்து, அதே டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டலைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் அடங்கும். நல்ல தொடக்கம். ஆனால் போர்ட்டல் வேறு, சட்டம் வேறு.

பழைய வண்டி வைத்திருப்பது மலிவு என்றும் நினைக்காதீர்கள். 15 வருடம் முடிந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. அதைக் கட்டுகிறேன். திறந்து பார்க்க முடிகிற மெஷின் ஒன்று கையில் இருப்பதற்கு அது தகும் என்பது என் கருத்து.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறிய வேலை செய்யுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் காரின் தண்ணீர் சூட்டை ஒரு மணி நேரம் பதிவு செய்து, ஸ்பிரெட்ஷீட்டில் கிராப் போட்டுப் பாருங்கள். டிராபிக்கில் மட்டும் ஏறி, ஹைவேயில் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஹைவேயில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையும் தண்ணீர் ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கிராப்பை உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டர் அன்றே கொஞ்சம் காசைத் திருப்பித் தந்துவிடும்.