ஸ்கூட் தெரிந்தவனுக்கு போக்கர் தெரியும்

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் சீட்டு என்றால் ரம்மிதான். அறுவடை முடிந்த கோடையில் வாய்க்கால் மதகு மேலே நாலு பேர் துண்டை விரித்து உட்கார்ந்தால் பதின்மூன்று சீட்டு போட்டுவிடுவார்கள். போக்கர் என்பது ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கோட்டு சூட்டு போட்டவர்கள் ஆடுவது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் பலர் நினைக்கிறோம். ஆனால் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் (2023 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது) ரம்மியையும் போக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டும் அதிர்ஷ்ட விளையாட்டு என்றது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்து, இரண்டும் திறமை விளையாட்டு என்றது. இதில் யார் சொன்னது சரி? அதைப் பேச போக்கரின் அடிப்படை கொஞ்சம் தெரிய வேண்டும். ரம்மி தெரிந்தவருக்கு அது பத்து நிமிஷ வேலை.

ரம்மியில் சீட்டை எடுத்து அடுக்கியதும் முதல் கேள்வி என்ன? ஆடுவதா, ஸ்கூட்டா? ஜோக்கர் இல்லை, சேர்ந்து வரும் சீட்டும் இல்லை என்றால் முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட். இரண்டு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு மிடில் ஸ்கூட் விட்டால் 40. பிடிவாதமாக உட்கார்ந்து மாட்டினால் ஃபுல் 80. நன்றாக ஆடுகிற பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள், அவர்கள் ஜெயிப்பதை விட ஸ்கூட் விடுவதுதான் அழகாக இருக்கும். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

போக்கரில் (பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெம் வகையில்) கையில் வருவது இரண்டே சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டும் சுற்று. 52 சீட்டில் இரண்டு சீட்டு சேர 1326 வழி உண்டு. சின்ன வித்தியாசங்களைத் தள்ளிவிட்டால் 169 வகைக் கைதான். இந்த 169-ஐயும் 13-க்கு 13 கட்டம் போட்டு, எதை ஆடலாம், எதை வைத்துவிட வேண்டும் என்று நிறம் அடித்து வைப்பதுதான் ஆரம்பக் கை அட்டவணை. டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்கர் 1976-லேயே தன் புத்தகத்தில் கைகளைத் தரம் பிரித்து எழுதிவிட்டார். இப்போது கணினி கணக்குப் போட்டுத் தருகிறது.

அட்டவணையைப் பார்த்ததும் கண்ணில் படுவது, ஆட வேண்டிய கட்டங்கள் எவ்வளவு குறைவு என்பதுதான். ஜோடி வருவது 17 தடவைக்கு ஒரு தடவை. இரண்டு ஏஸ் வருவது 221-க்கு ஒன்று. அந்த இரண்டு ஏஸும் ஒரே ஒரு எதிராளியிடம் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். எட்டு பேர் கடைசிவரை கூட வந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ராஜா மாதிரி கை, கூட்டத்தில் மாட்டினால் சாதாரணக் கை.

இங்கேதான் இடம் வருகிறது. புதிதாகக் கற்பவர்கள் அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு இதைக் கோட்டை விடுவார்கள். உண்மையில் அட்டவணை ஒன்றல்ல, ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒன்று. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுகிறவருக்குப் பின்னால் எட்டு பேர் பாக்கி. நல்ல கை என்று மேலே உள்ள 5 சதவீதத்தை வைத்துக்கொண்டால், அந்த எட்டு பேரில் ஒருவரிடமாவது அது இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 34 சதவீதம். பட்டன் எனப்படும் இடத்தில் இருப்பவருக்கு, மற்றவர்கள் எல்லாம் விலகியிருந்தால், பாக்கி இரண்டே பேர். வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் கீழே. அதனால்தான் வேறு வேறு சின்னத்தில் வந்த ராணியும் பத்தும் முதல் இடத்தில் குப்பை, பட்டனில் ஆடக்கூடிய கை. சீட்டு அதேதான். அதோடு, நடுச்சீட்டு திறந்த பிறகு மூன்று சுற்றிலும் பட்டன்காரர்தான் கடைசியாகப் பேசுவார். மற்றவர்கள் பயப்படுகிறார்களா, துணிகிறார்களா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

நம்ம ஊர் ஆளுக்கு இது கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். காவிரியில் முன்னால் இருப்பவனுக்குத்தானே யோகம்? கல்லணைக் கால்வாயில் தலைமடைக்காரர் நாற்று நட்ட பிறகும் பேராவூரணி கடைமடை காத்துக்கிடக்கும். தண்ணீருக்கு முதலிடம் நல்லது. தகவலுக்குக் கடைசி இடம் நல்லது. இன்னொரு வித்தியாசம், பட்டன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் ஆள் தள்ளி நகரும். முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல எல்லோருக்கும் சமமாக வரும். வந்ததைப் பயன்படுத்துகிறவன் கெட்டிக்காரன்.

எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரு கதை உண்டு. நார்வே நாட்டு ஆனெட் ஒப்ரெஸ்டாட் என்ற பெண், 180 பேர் ஆடிய இணையப் போட்டி ஒன்றில் தன் சீட்டை ஒரே ஒரு முறை மட்டும் பார்த்து ஜெயித்தார். இடத்தையும் எதிராளியையும் மட்டும் பார்த்து ஆடினார். 2007-ல் ஐரோப்பிய உலகத் தொடரின் முக்கியப் போட்டியையும் ஜெயித்தபோது அவருக்கு 19 வயது நிறையவில்லை.

ஆகவே திறமையா என்றால், திறமைதான். இந்த விஷயத்தில் நான் நீதிமன்றத்தின் பக்கம். ஆனால் "திறமை விளையாட்டு, ஆகவே ஆபத்தில்லை" என்று விளம்பரத்தில் நடிகர்கள் சொன்னார்களே, அங்கேதான் என் சண்டை. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை ஒழித்தார்கள். லாட்டரியில் நீயும் நானும் சம முட்டாள்கள். ஆயிரத்தில் ஒருவனாக எனக்கும் அடிக்கலாம். திறமை விளையாட்டில் அந்த ஆறுதல்கூட இல்லை. அட்டவணையை நான் இன்று படிக்கிறேன், எதிரே இருப்பவன் ஐந்து வருஷமாக அதைத் தின்று செரித்தவன். என் பணம் அவனிடம் போவது தற்செயல் அல்ல. திறமை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நிச்சயமாகப் புதியவன் தோற்பான்.

அந்தக் கெட்டிக்காரனாவது பிழைக்கிறானா? வணிகவியல் படிப்பவன் என்ற முறையில் ஒரு சின்னக் கணக்கு. ஆறு பேர் ஆளுக்கு 1000 ரூபாய், மொத்தம் 6000. ஓர் ஆட்டத்துக்கு நடுவில் சேரும் பணம் சராசரி 100 ரூபாய், அதில் மேசை நடத்தும் நிறுவனத்துக்கு கமிஷன் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 ஆட்டம். மணிக்கு 300 ரூபாய் மேசையை விட்டுப் போகிறது. இருபது மணி நேரத்தில் 6000-மும் காலி. ஆறு பேரும் சமத் திறமைசாலிகள் என்றால் ஆறு பேருக்கும் பூஜ்யம். பட்டன் சுற்றிச் சுற்றி வருகிறது, நிறுவனத்தின் நாற்காலி மட்டும் நகர்வதே இல்லை. அதற்கு எந்தக் கையும் கெட்ட கை இல்லை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ரம்மி திறமை விளையாட்டு என்று எல்லோரும் எடுத்துக்காட்டும் 1967-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் வழக்கில் வந்தது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று முடிவெடுப்பதும் திறமை என்றது தீர்ப்பு. கூடவே இன்னொன்றும் சொன்னது: ஆட்டத்திலிருந்து மன்றமோ வீட்டுக்காரரோ லாபம் பார்ப்பதாக நிரூபித்தால் அது குற்றமாகலாம் என்று. நிறுவனங்கள் முதல் பாதியை ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டாம் பாதியை யாரும் விளம்பரத்தில் போடவில்லை :-)

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை என்றது. நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. முழுத்தடை சரிதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, தடை என்றதும் வெளிநாட்டு ஆப்களைத் தேடி ஓடுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் கேள்வியை மாற்றியது சரி. ஆடுகிறவனுக்குத் திறமை இருக்கிறதா என்பதல்ல, ஆட்டத்தை நடத்துகிறவன் எதில் பிழைக்கிறான் என்பதே பார்க்க வேண்டியது.

மற்றபடி போக்கர் அருமையான ஆட்டம். விடுமுறையில் புளியங்கொட்டையை வைத்து ஆடிப் பாருங்கள். ஆளுக்கு நூறு கொட்டை, பட்டனுக்கு ஒரு சோடா மூடி. முதல் ஒரு மணி நேரம் அட்டவணையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஆடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.