பாலுக்குப் பத்தாயம் உண்டா?

கீழ்வேளூர்ப் பக்கத்தில் நெல் விளைவிக்கிறவருக்கும் மாடு வைத்துப் பால் கறக்கிறவருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம், நெல் காத்திருக்கும், பால் காத்திராது என்பதுதான். விலை பிடிக்காவிட்டால் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரம், மழை, சாக்குப் பஞ்சம் என்று ஆயிரம் தொல்லைகள் இருக்கட்டும். ஆதார விலை என்று சர்க்கார் அறிவித்த ஒரு தொகையாவது அங்கே உண்டு. பாலுக்கு ஆதார விலையும் கிடையாது, பத்தாயமும் கிடையாது. விடியற்காலையில் கறந்த பால் வெயில் ஏறுவதற்குள் யார் கைக்காவது போய்ச் சேர வேண்டும். இல்லையேல் திரிந்து போகும். அவசரமாய் விற்றாக வேண்டியவருக்கு விலை சொல்லும் பாக்கியம் ஏது?

இந்தக் கஷ்டம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் பல வருஷங்களாகத் தன் நாடுகளின் பால் உற்பத்திக்கு வைத்திருந்த வரம்பை 2015-ஆம் வருஷம் மார்ச் மாத முடிவில் எடுத்துவிட்டது. அதன் பிறகு அங்கே பால் பெருகி விலை சரிந்து, பண்ணைக்காரர்கள் டிராக்டர்களோடு தெருவுக்கு வந்தார்கள். அதற்கும் நம் ஊர்த் தொழுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் பால் பவுடர் மூலமாக வருகிறது. மிகுதியான பாலைக் கம்பெனிகள் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றி வைக்கின்றன. பவுடர் தேங்கி அதன் விலை விழுந்தால், மறுநாள் காலையில் கொள்முதல் விலையைக் குறைக்கிறார்கள். 2018 ஜூலையில் மகாராஷ்டிரத்துக் குடியானவர்கள் பாலைச் சாலையில் கொட்டியது இப்படிப்பட்ட சரிவினால்தான். 2020-இல் ஊரடங்கின்போது டீக்கடைகளும் ஹோட்டல்களும் மூடியதும் அதே கதை திரும்ப நடந்தது.

நம் மாகாணத்துச் சமாசாரத்தைப் பார்ப்போம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கிற்று. அது போதாது, 42 வேண்டும் என்று 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் போராடினார்கள். அச்சமயம் தனியார் கம்பெனிகள் கூடுதல் விலை கொடுத்தபடியால் அநேகர் சங்கத்தை விட்டு அங்கே பாலை ஊற்றினார்கள். அவ்வருஷம் டிசம்பரில் சர்க்கார் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது.

கூடுதலாகக் கொடுப்பவரிடம் போவதை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். சங்கத்தில் சில சமயம் பட்டுவாடா வாரக்கணக்கில் தாமதமாகிறது. கன்றுக்குட்டியும் கடைக்காரரும் அதுவரையில் காத்திருப்பார்களா? ஆயினும் ஒரு விஷயம் நினைவில் இருக்க வேண்டும். பால் குறைந்த கோடையில் வாசல் தேடி வரும் வண்டி, பால் பெருகிய மாதத்தில் "இன்று வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடும். அப்போது சங்கத்துக்குத் திரும்பினால், அங்கே சங்கம் இருக்க வேண்டுமல்லவா?

குஜராத்தில் கேடா ஜில்லாக் குடியானவர்கள் இதை அனுபவத்தில் கற்றார்கள். பம்பாய்க்குப் பால் வாங்கி அனுப்பும் ஏகபோக உரிமை 1945-இல் போல்சன் கம்பெனிக்குப் போயிற்று. சர்தார் வல்லபபாய் படேலின் யோசனைப்படி அவர்கள் பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பாலும் விற்க மறுத்தார்கள். 1946 டிசம்பர் 14-ஆம் தேதி திரிபுவனதாஸ் படேலின் தலைமையில் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. ஆரம்பத்தில் வந்த பால் நாளைக்குச் சுமார் 250 லிட்டர்தான். ஆனால் அவர்கள் செய்த பெரிய காரியம் வேலைநிறுத்தம் அல்ல என்பது நமது அபிப்பிராயம். குளிர்காலத்தில் எருமைப்பால் பெருகி வாங்குவாரில்லாமல் போவதைக் கண்டு, 1955-இல் ஆனந்தில் சொந்தமாகப் பவுடர்த் தொழிற்சாலை வைத்தார்களே, அதுதான் பெரிது. எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தலாயா என்ற இந்திய நிபுணர் அதைச் செய்து காட்டினார். பாலுக்கு ஒரு பத்தாயம் உண்டென்றால் அதுவே. அதைத் தனி வீட்டில் கட்ட முடியாது. சங்கமாகச் சேர்ந்தால் கட்டலாம்.

சரி, தனி வீட்டில் முடிவது என்ன? வகுப்பில் போடும் கணக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு கலப்பினப் பசு நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறது. லிட்டர் 35 ரூபாயானால் வரவு 280. மூட்டைத் தீவனம் 5 கிலோ, கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 150. மீதி 130. விலை 5 ரூபாய் இறங்கினால் மீதி 90-ஆகிவிடும். விலை ஏழில் ஒரு பங்குதான் இறங்கிற்று. வீட்டு அம்மாளின் கையிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. இப்போது மறுபக்கம் பாருங்கள். பசும்புல்லும் அகத்தி, வேலிமசால் போன்ற குழைகளும் போதிய அளவு போட்டு, மூட்டைத் தீவனத்தில் ஒன்றரைக் கிலோ குறைத்தால் 45 ரூபாய் மிச்சம். விலையில் போன 40-ஐ விட அது அதிகம். விலை பிறர் கையில் இருக்கிறது. தீவனமோ பாதியாவது நம் வரப்பில் இருக்கிறது. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் அகத்தி நடுவதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

உம்பளச்சேரி மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைஞாயிற்றுக்கு அருகில் உள்ள உம்பளச்சேரியின் பெயரைக் கொண்ட இந்தச் சேற்றுழவு மாடு, இரண்டு லிட்டர் கறந்தால் அதிகம். பாலை நம்பி அதை வாங்குவது வீண். ஆனால் வைக்கோலையும் உப்புத் தரைப் புல்லையும் தின்று, மூட்டைத் தீவனம் கேட்காமல் பிழைத்துக்கொள்ளும். தொழுவத்தில் மூன்று கலப்பினப் பசு இருப்பதற்குப் பதில் இரண்டும், பக்கத்தில் ஒரு நாட்டுப் பசுவும் இருந்தால், விலை சரிந்த வருஷத்தில் கடன் குறையும் என்பது நமது எண்ணம்.

வைக்கோல் விஷயத்தில் நம் ஜில்லா செய்கிற காரியந்தான் நமக்கு விளங்கவில்லை. சம்பா அறுப்பு முடிந்ததும் இயந்திரம் உருட்டிக் கட்டிய வைக்கோல் லாரி லாரியாக வெளியூர் போகிறது. பிறகு ஆடியில் அதே வைக்கோலை ஒன்றுக்கு இரண்டாக விலை கொடுத்து வாங்குகிறோம். போர் போட்டு வைக்கக் கொல்லையில் இடம் இருக்கிறது. முன்போல் வேயத் தெரிந்த ஆள்தான் குறைவு. வைக்கோல் சத்துக் குறைந்தது என்பது வாஸ்தவமே. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதும் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தால் அது எளிதில் ஜீரணமாகும், சத்தும் கூடும். எடுத்ததும் ஆற விட்டுப் போட வேண்டும். யூரியாவை அப்படியே தொட்டியில் கொட்டினால் மாடு செத்துவிடும். முதல் தடவை கால்நடை மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இந்த வைக்கோலைப் போடக் கூடாது.