வர்ணமயம் என்றொரு அபிப்ராயம்

‘ரியோ’ என்கிற கார்ட்டூன் படத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சில நண்பர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும். 2011ல் வெளியாகி, உலகமெங்கும் 48 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, 2014ல் இரண்டாம் பாகமும் கண்டு, அதைத் தயாரித்த ப்ளூ ஸ்கை ஸ்டுடியோ 2021ல் மூடப்பட்ட பிறகும் வீடுகளில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டப்பட்டு வருகிற பறவைப் படம் அது. அதற்கு மார்க் போடுவது என் உத்தேசமில்லை. பார்த்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லுகிற அபிப்ராயங்கள்தான் எனக்கு விஷயம். அதே அபிப்ராயங்களைக் கொஞ்சம் உடை மாற்றி நாமும் கவிதைத் தொகுதிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதால்தான் இவ்வளவு அக்கறை.

வங்கிக் கிளையில் கூட வேலை பார்ப்பவர்கள், உறவுக்காரர்கள், ரயில் சிநேகிதர்கள் என்று பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்று பதில்களுக்கு மேல் கிடைத்ததில்லை. ‘என்ன கலர், என்ன கலர்!’ என்பது ஒன்று. ‘குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்பது இரண்டாவது. ‘குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம்’ என்பது மூன்றாவது. நம் வட்டத்தில் நாலாவதாக ஒன்று உண்டு: ‘ஹாலிவுட் குப்பை.’ இதைச் சொன்ன இருவரும் படத்தைப் பார்த்தவர்கள் இல்லை. நாலு அபிப்ராயங்களுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. படத்தில் இருக்கிற கிளியைப் பார்க்காமலேயே இவற்றைச் சொல்லிவிட முடியும்.

எனவே முதலில் கிளியைப் பார்ப்போம். தமிழில் இந்த ஜாதிக் கிளிகளுக்குப் பஞ்சவர்ணக்கிளி என்று பேர். படத்தின் நாயகனான ப்ளூவுக்கோ ஒரே வர்ணம்தான், நீலம். ஸ்பிக்ஸ் மக்காவ் என்கிற இனம். பவேரியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன ஸ்பிக்ஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1819ல் ஸான் ஃபிரான்சிஸ்கோ நதிப் பக்கம் ஜுவாஸெய்ரோவுக்கு அருகில் சுட்டு எடுத்த பறவை. உடம்பு நீலம், தலை சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அது வாழ்ந்தது பஹியா மாநிலத்தின் உட்புறத்தில், காட்டிங்கா என்கிற வறண்ட முள்காட்டில். துபி மொழியில் அந்தப் பேருக்கு வெள்ளைக் காடு என்று அர்த்தம். மழையில்லாத மாதங்களில் இலை முழுதும் கொட்டி, மரங்கள் வெளுத்து நிற்பதால் வந்த பேர். அந்தக் காட்டில் வருஷத்தில் சில மாதமே நீர் ஓடும் ஓடைகளின் கரையில் கரைபெய்ரா என்ற மரம் உயர்ந்து வளர்கிறது. மஞ்சளாகப் பூக்கும். நம் நகரங்களிலும் அழகுக்காக நட்டிருக்கிறார்கள். அந்த மரத்தின் முதிர்ந்த பொந்துகளில்தான் இந்தக் கிளி முட்டையிட்டது. மரங்களை வெட்டினார்கள், முளைத்த கன்றுகளை ஆடுமாடுகள் மேய்ந்தன, மிஞ்சிய கிளிகளைப் பணக்கார நாடுகளில் விற்பதற்காகப் பிடித்தார்கள். 1990ல் தேடிப் போனவர்கள் குராஸா ஊருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆணைத்தான் கண்டார்கள். 2000த்துக்குப் பிறகு அதையும் யாரும் பார்க்கவில்லை.

படத்தில் இந்தக் கிளி பிறப்பது ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய பச்சைப் பசேலென்ற மழைக்காட்டில். அசல் இடம் அங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே இருக்கிறது.

‘கார்ட்டூன் படத்தில் பூகோளப் பாடமா?’ என்று கேட்பார்கள். கிளி இங்கிலீஷ் பேசுகிறது, நாய் கார்னிவல் தொப்பி வைத்துக்கொள்கிறது, நான் மறுப்புச் சொல்லவில்லை. கற்பனைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கற்பனை ஒரு பொருளைத் திரிப்பது அதுவரை நாம் காணாத எதையோ அதில் காட்டுவதற்காக. இங்கே நடந்திருப்பது நேர் எதிர். யாரும் காணாத ஒரு முள்காட்டிலிருந்து பிடுங்கி, எல்லோரும் போஸ்ட் கார்டில் கண்ட மலையும் கடற்கரையும் இருக்கிற ஊரில் கிளியை நட்டிருக்கிறார்கள். டைரக்டர் கார்லோஸ் ஸல்தான்யா ரியோவில் பிறந்தவர். தன் ஊரைப் படமெடுக்க ஆசைப்பட்டார், அது அவருடைய உரிமை. ரியோவைச் சுற்றிய காட்டிலும் பறவைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் ஒன்றை நாயகனாக்கியிருக்கலாம். ஆனால் படத்துக்கு வேண்டியிருந்தது ‘உலகத்திலேயே கடைசி’ என்கிற உருக்கம். அது முள்காட்டுக் கிளியிடம் இருந்தது. வர்ணமோ மழைக்காட்டிலும் கார்னிவலிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். வெளுத்த மரமும் வெடித்த மண்ணும் காட்டினால் ‘என்ன கலர்’ என்று எவன் சொல்லுவான்?

இங்கேதான் என் வழக்கு. ‘வர்ணமயம்’ என்கிற அபிப்ராயம் படத்தைப் பார்த்த பிறகு பிறந்ததில்லை. படம் எடுப்பதற்கு முன்பே அது இருந்தது. கிளி எந்தக் காட்டில் பிறக்க வேண்டும் என்பதை அந்த அபிப்ராயம்தான் தீர்மானித்தது. பார்வையாளன் என்ன சொல்லுவான் என்பதை முன்கூட்டிக் கணக்குப் பண்ணி, அதைப் படமாகச் செய்து, அவனிடமே விற்கிறார்கள். அவன் வெளியே வந்து சொல்லுவது அபிப்ராயமில்லை, ரசீது. ரசீதைக் கொடுத்தவன் எழுதியதைத்தான் வாங்கியவன் படிக்கிறான்.

‘குழந்தைகளுக்குப் பிடிக்கும்’ என்பவர்கள் குழந்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தாங்கள் நழுவிவிடுகிறார்கள். உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் பதில் கிடையாது. குழந்தையின் ரசனையை நான் தெய்வீகமாக்கவும் தயாரில்லை. அதற்குப் பிடித்ததில் பாதி, அதற்குக் கிடைத்தது. ஒன்று மட்டும் எல்லாத் தகப்பன்களுக்கும் தெரியும். இந்தக் கிளி என்ன தின்னும், எங்கே தூங்கும் என்றுதான் குழந்தை கேட்கும். ஒரு உயிரைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகள் அவை. 2011லேயே ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ விளையாட்டில் இந்தப் படத்தின் பேரில் ஒரு பதிப்பு வந்து, கிளியும் விளையாட்டுச் சாமானாயிற்று. கேள்விகள் கேட்டபடியே நின்றுவிட்டன.

‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்பதுதான் இந்த மூன்றில் அபாயமானது. படத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது: மினசோட்டாவில் புத்தகக்கடை வைத்திருக்கிற லிண்டாவும் அவள் வளர்க்கும் ப்ளூவும். காட்டில் பிடிபட்டு, கடத்தப்பட்டு, லாரியிலிருந்து தவறி விழுந்த பெட்டிக்குள் குஞ்சாக அவளுக்குக் கிடைத்த கிளி. அவள் காசு கொடுத்து வாங்கவில்லை, தெருவில் கிடந்ததை எடுத்து வளர்த்தாள். கதையில் இந்த ஏற்பாடு எதற்கென்று யோசித்துப் பாருங்கள். கடத்துகிறவன் பிரேசில்காரன், வில்லன். அவனுக்கு உதவுகிற சேரிப் பையன் அநாதை, திருந்துகிறான். திருடுகிற குரங்குகள் உள்ளூர்க் குரங்குகள். ஆனால் அந்தப் பெட்டி யாருக்குப் போய்க்கொண்டிருந்தது? மினசோட்டாவின் பனியில் லாரி எந்தக் கடையை, எந்த வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது? வாங்குகிறவன் இல்லாமல் கடத்துகிறவன் உண்டா? படம் அந்த வீட்டின் கதவைத் திறக்கவே இல்லை. திறந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது படம் பார்க்க வந்த குடும்பம். அந்தக் குடும்பத்தைக் குற்றமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவதுதான் ‘குடும்பப் படம்’ செய்கிற காரியம். கூச்சமில்லாமல் பார்க்கலாம் என்கிறார்கள். கூச்சப்பட வேண்டிய இடத்தை எடுத்துவிட்டுத்தான் காட்டுகிறார்கள்.

இனி ‘குப்பை’ என்கிற நம் நண்பர்களுக்கு. படத்தைப் பார்த்திருந்தால் அதில் உண்மையான ஒரு இடம் இருப்பது தெரிந்திருக்கும். ப்ளூவையும் அந்த இனத்தின் பெண்ணான ஜூவலையும் கடத்தல்காரர்கள் காலோடு கால் சங்கிலி போட்டுக் கூண்டில் அடைக்கிறார்கள். காட்டில் வளர்ந்த ஜூவல் கம்பியில் மோதித் தவிக்கிறாள். பறக்கத் தெரியாத ப்ளூ கூண்டின் தாழ்ப்பாளைச் சுலபமாகத் திறந்துவிடுகிறான். கூண்டைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். பறப்பதைப் பற்றியும் புத்தகத்தில் படித்திருக்கிறான். பறக்கத்தான் வராது. இங்கிலீஷ் இலக்கியம் பி.ஏ. படித்துவிட்டுக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற என் போன்றவனுக்கு இந்த இடம் உறைக்காமல் போகாது. கூண்டையே வீடாக நேசிக்கிற பிராணி, வெளியே போகிற வழியும் அதற்குத் தெரியும், போக மட்டும் மனசில்லை. இது பெரிய விஷயம். படம் இதைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. விமானத்திலிருந்து ஜூவல் விழ, அவளைப் பிடிக்க ப்ளூ குதிக்க, ஒரு முத்தத்தில் பறக்க வந்துவிடுகிறது. தொட்டதையும் ஓடியதையும் சேர்த்துச் சொல்வதுதான் விமர்சனம். ‘குப்பை’ என்கிறவனும் ‘என்ன கலர்’ என்கிறவனும் இந்த இடத்தைப் பார்க்காமல் விட்டதில் சமமானவர்கள்.

இந்தப் படத்தால்தான் அப்படியொரு பறவை உண்டென்றே உலகத்துக்குத் தெரிந்தது என்று ஒரு வாதம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தது எப்படி என்பதையும் பாருங்கள். 2018ல் பறவை ஆராய்ச்சியாளர்கள் இந்த இனம் இயற்கையில் அழிந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று சொன்னபோது, ‘ரியோ படத்துக் கிளி அழிந்தது’ என்று உலகப் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. பலர் துக்கப்பட்டார்கள். அந்தக் கடைசி ஆண் காணாமல் போனது படம் வருவதற்குப் பதினொரு வருஷம் முன்பு. ப்ளூவும் ஜூவலும் குஞ்சுகளோடு காட்டில் பறப்பதாகப் படம் முடிந்து, ஜனங்கள் சந்தோஷமாக எழுந்து போன அந்த 2011ல் காட்டில் ஒரு கிளிகூட இருந்ததாக யாரும் கண்டதில்லை. படத்தின் கதையை ஒத்த ஒன்று நிஜத்தில் நடந்தும் இருக்கிறது. 1995ல் அந்தக் கடைசி ஆணுக்குத் துணையாக, கூண்டில் இருந்த ஒரு பெண்ணைக் கொண்டுபோய் விட்டார்கள். சில வாரங்களில் அவளைக் காணவில்லை. மின்கம்பியில் மோதிச் செத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவன் வேறு இனத்துக் கிளி ஒன்றோடு ஜோடியாகவே திரிந்து முடிந்தான். இதில் எத்தனை கவிதை இருக்கிறது, எத்தனை பயங்கரம் இருக்கிறது! இதில் வர்ணம்தான் இல்லை.

பிறகு 2020ல் கூண்டுகளில் வளர்ந்த 52 கிளிகளை ஜெர்மனியிலிருந்து குராஸாவுக்குக் கொண்டுவந்தார்கள். 2022 ஜூனில் எட்டுக் கிளிகளை முள்காட்டில் திறந்துவிட்டார்கள். அவை பிழைப்பதற்கு முத்தமும் கார்னிவலும் உதவாது. ஓடைக்கரையில் கரைபெய்ரா வேண்டும், ஆடு மேயாத கன்றுகள் வேண்டும். அந்த வெளுத்த காட்டையும் காடு என்று மதிக்கிற கண் வேண்டும். பச்சையாக இருந்தால்தான் காடு, பளிச்சென்று இருந்தால்தான் அழகு என்று பழகிய கண்ணுக்குக் காட்டிங்கா வெறும் பொட்டல். பொட்டலைக் காப்பாற்ற எவன் கை தூக்குவான்? ரசனை என்பது சாப்பாட்டுக்குப் பின் பேசுகிற விஷயம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு அபிப்ராயம் ஒரு காட்டை இல்லாமல் செய்துவிட முடியும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். நம் சிறுபத்திரிகை மதிப்புரைகளில் ‘படிமச் செழுமை’ என்று எழுதுகிறார்களே, அதற்கும் ‘என்ன கலர்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? ‘வாசகனுக்குப் பிடிக்கும்’ என்று நாமும் யாரோ ஒரு வாசகனைச் சாட்சிக்கு இழுக்கிறோம். ‘குப்பை’ என்று படிக்காமலே தள்ளுகிறோம். எந்த வரியில் கவிஞன் எதைத் தொட்டான், எந்த வரியில் பயந்து ஓடினான் என்று சொல்வதில்லை. நோட்டை வாங்குகிற காஷியர் கலரைப் பார்த்து ஏமாந்தால் இரவு கணக்கு முடிக்கும்போது தன் கைக்காசைப் போட வேண்டும். நீர்க்குறியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க அவனுக்கு அந்தப் பயம் போதும். விமர்சகனுக்கு அப்படியொரு நஷ்டம் இல்லாததால்தான் இவ்வளவு தாராளம்.

யோசனை ஒன்று சொல்கிறேன். ஒரு வருஷத்துக்கு ‘அருமை’, ‘செழுமை’, ‘குப்பை’ என்ற மூன்று சொற்களும் இல்லாமல் மதிப்புரை எழுதுவோம். எழுத முடியாதவர்கள் எழுதாமலிருக்கலாம். ஆசிரியருக்குப் பக்கம் மிச்சமாகும்.