கையெழுத்திடும் மேசையில் மலையகத்துக்கு இடம் எங்கே?

சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகார சபையொன்றை நிறுவுவதற்கான சட்டம் 2025 ஆம் ஆண்டில் எமது பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டில் கொழும்பில் கெசினோவை உள்ளடக்கிய பாரிய ஹோட்டல் வளாகமொன்றும் திறந்து வைக்கப்பட்டது. இவற்றையொட்டி எழுந்த விவாதங்கள் அனைத்தும் இரண்டு கேள்விகளையே சுற்றி வந்தன. நாட்டுக்கு எத்தனை டொலர் கிடைக்கும் என்பது ஒன்று. சமூகம் எந்தளவுக்குச் சீரழியும் என்பது மற்றையது. இவை இரண்டும் அவசியமான கேள்விகளே. ஆயினும் மூன்றாவது கேள்வியொன்றை எவரும் எழுப்பவில்லை. ஒரு பிரதேசத்தின் நிலத்திலிருந்து ஈட்டப்படும் செல்வத்தில் அங்கு வாழும் மக்களுக்கும் அவர்கள் தெரிவு செய்த உள்ளூராட்சி மன்றத்துக்கும் உரிய பங்கு என்ன என்பதே அந்தக் கேள்வியாகும். நுவரெலியா, ஹட்டன் பிரதேசங்களின் தோட்டப்புற மக்களைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான கேள்வி என நாம் கருதுகின்றோம்.

இக்கேள்விக்கு உலகில் பதில் தேடிய நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. சொந்த மண்ணிலேயே ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் முடக்கப்பட்ட அந்நாட்டுப் பழங்குடியினர், தமது நிலத்தில் சூதாட்ட நிலையங்களை நடத்தும் உரிமைக்காக நீதிமன்றம் சென்றனர். கலிபோர்னியாவின் கபசோன் பழங்குடியினர் தொடர்பான வழக்கில் 1987 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே காங்கிரஸ் அதற்கான சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி கெசினோ நடத்த விரும்பும் பழங்குடியினர் மாநில அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். மாநில அரசாங்கம் நல்லெண்ணத்துடன் பேச்சுவார்த்தைக்கு வரவேண்டியது கடமையாகும். கிடைக்கும் தேறிய வருமானத்தை ஐந்து நோக்கங்களுக்காக மாத்திரமே பயன்படுத்தலாம். பழங்குடி நிருவாகம், அம்மக்களின் நலன், பொருளாதார அபிவிருத்தி, தருமப் பணிகள் ஆகிய நான்குடன், அயலிலுள்ள உள்ளூராட்சி அமைப்புகளின் செயற்பாடுகளுக்கு உதவுதல் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது.

ஆரம்பத்தில் ஐயத்துடன் நோக்கிய நகர சபைகளும் மாவட்ட நிருவாகங்களும் பின்னர் பல இடங்களில் இத்தகைய உடன்படிக்கைகளை ஆதரிக்க முன்வந்தமைக்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கிய காரணமாகும். வாகன நெரிசல், பொலிஸ் சேவை, தீயணைப்பு, நீர் விநியோகம் ஆகியவற்றின் சுமை உள்ளூராட்சியின் தலையிலேயே விழுகின்றது. அந்தச் சுமைக்கு ஈடாக வருமானம் வருமெனில் எதிர்ப்பு தணிவது இயல்பே. கனெக்டிகட் மாநிலத்தில் பீக்கோட், மோஹீகன் பழங்குடியினர் தமது இயந்திரச் சூதாட்ட வருமானத்தில் 25 சதவீதத்தை மாநிலத்துக்கு வழங்க உடன்பட்டனர். அதன் ஒரு பகுதி நகர சபைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. கலிபோர்னியாவிலோ கெசினோ இல்லாத பழங்குடியினருக்கும் ஆண்டுதோறும் பங்கு கிடைப்பதற்கென நிதியமொன்று உருவாக்கப்பட்டது. 2024 நிதியாண்டில் அந்நாட்டின் பழங்குடிச் சூதாட்ட நிலையங்களின் மொத்த வருமானம் 43 பில்லியன் டொலரைத் தாண்டியது.

இதனை எடுத்துக்காட்டுவதன் மூலம் தேயிலை மலைகளில் கெசினோக்களைத் திறக்குமாறு நாம் பரிந்துரைக்கவில்லை. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பாண்டவரின் கதையும் நளனின் கதையும் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தவை. நாட்கூலியில் வாழும் குடும்பங்களை மதுச்சாலைகள் எந்தளவுக்குச் சூறையாடியுள்ளன என்பதை மலையகம் நன்கறியும். அதன் அருகில் சூதாட்ட மேசையும் வந்து சேர வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கூட நகரங்களுக்கு அண்மையிலுள்ள சில பழங்குடியினர் செல்வந்தராயினர்; தொலைதூரத்தில் வாழ்வோர் பலர் இன்றும் வறுமையிலேயே உள்ளனர். எனவே நாம் கற்க வேண்டியது சூதாட்டத்தை அல்ல, உடன்படிக்கையையே.

அந்த உடன்படிக்கை சாத்தியமானதன் அடிப்படை நிலமாகும். பழங்குடியினருக்கு நிலமும், அந்நிலத்தின் மீது நிருவாக அதிகாரமும் இருந்தன. ஆகவே அவர்கள் மேசையின் ஒரு பக்கத்தில் தரப்பினராக அமர முடிந்தது. எமது மலையக மக்களின் வரலாறு வேறு. அவர்கள் அம்மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர். கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலேயே இரு நாடுகளுக்கிடையில் பங்கிட்டது. அவர்களது தலைவிதியை நிர்ணயித்த மிகப்பெரிய உடன்படிக்கையில் அவர்கள் எண்ணிக்கையாக இடம்பெற்றனரேயன்றித் தரப்பினராக இடம்பெறவில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே வந்தது.

வாக்குரிமை கிடைத்த பின்னரும் உள்ளூராட்சியின் கதவு திறக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்களின் வாக்குகளால் தெரிவான உறுப்பினர், அம்மக்களின் லயனுக்குச் செல்லும் பாதைக்கு ஒரு கூடை கல்லைக் கூடப் போட முடியாத விசித்திரம் மூன்று தசாப்தங்கள் நீடித்தது. 2018 ஆம் ஆண்டிலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகள் உதயமாகின. நீண்டகாலக் கோரிக்கையின் வெற்றி அது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அச்சபைகள் ஒரு தவணையை நிறைவு செய்த பின்னர், 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே அவற்றின் நிருவாகம் நடைபெற்றது.

சட்டத் தடை நீங்கிய பின்னர் எஞ்சியிருப்பது நிதியும் நிலமும் ஆகும். 1992 ஆம் ஆண்டில் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. காணியின் உரிமை அரசிடம், குத்தகை கம்பனியிடம், வசிப்பிடம் மாத்திரம் தொழிலாளியிடம். இந்த முக்கோணத்தில் பிரதேச சபைக்கு எங்கும் இடமில்லை. தோட்டத்துக்குள் ஒரு பொதுக்கிணறு அமைப்பதற்கும் முகாமையாளரின் இணக்கத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியுள்ளது.

இதற்கிடையே தோட்டங்களின் முகம் மாறி வருகின்றது. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 1990 களிலேயே ஹோட்டலாக மாற்றம் பெற்றது. பொகவந்தலாவை, காசல்ரீ பகுதிகளில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் 2005 முதல் வெளிநாட்டவருக்கான உல்லாச விடுதிகளாயின. இவ்வழியில் மேலும் பல தோன்றியுள்ளன. தேயிலையின் விலையில் தங்கியிருக்கும் பிரதேசத்துக்கு இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் அவ்விடுதியின் சாளரத்தினூடாக விருந்தினர் இரசிக்கும் காட்சியில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவளது லயன் வரிசையும் அடங்கும். காட்சிக்குப் பங்களிப்போருக்கு வருமானத்தில் பங்கில்லை.

புதிய சட்டம் எதுவுமின்றியே செய்யக்கூடியவை சில உள்ளன. சுற்றுலா அதிகாரிகளிடம் பதிவுபெற்ற ஹோட்டல்களிடமிருந்து முன்னைய ஆண்டின் வரவில் ஒரு சதவீதத்துக்கு மேற்படாத அனுமதிப்பத்திரக் கட்டணத்தை அறவிடப் பிரதேச சபைகள் சட்டம் இடமளிக்கின்றது. பயிர்ச்செய்கைக் காணிகள் மீது ஏக்கர் வரி விதிக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. தோட்டக் காணிகளில் இயங்கும் விடுதிகளிடமிருந்து இவ்வாறு எவ்வளவு கிடைக்கின்றது, அது எத்தோட்டத்துக்குச் செலவிடப்படுகின்றது என்பதை ஒவ்வொரு சபையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். ஒரு சதவீதம் அற்பமெனத் தோன்றலாம். குடிநீர்க் குழாயை எதிர்பார்த்திருக்கும் லயனுக்கு அது அற்பமன்று.

அடுத்த படி உடன்படிக்கையாகும். தோட்டக் காணியைச் சுற்றுலாவுக்கோ மின்னுற்பத்திக்கோ கையளிக்கும்போது அரசும் கம்பனியும் மட்டும் கையெழுத்திடும் வழக்கம் மாறவேண்டும். பிரதேச சபையும் அத்தோட்டத்தில் வாழும் மக்களின் பிரதிநிதிகளும் அதில் தரப்பினராக வேண்டும். வேலைவாய்ப்பு, பாதை, நீர், கழிவகற்றல், வருமானப் பங்கு என்பன அதில் எழுத்தில் இடம்பெற வேண்டும். விடுதிகள் அமையாத மலைகளின் சபைகளுக்கும் ஒரு பங்கு செல்லக்கூடிய மாவட்ட நிதியமொன்றையும் சிந்திக்கலாம்.

தேயிலைத் தொழிலே தள்ளாடுகையில் புதிய சுமைகள் முதலீட்டை விரட்டும் எனக் கம்பனிகள் வாதிடக்கூடும். அவ்வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆயின் முதலீட்டாளர் அஞ்சுவது எழுதப்பட்ட கடப்பாட்டையன்று, எழுதப்படாத நிச்சயமின்மையையே. தமது குப்பையை அகற்றவும் பாதையைச் செப்பனிடவும் அதே பிரதேச சபையைத்தான் விடுதிகள் நாட வேண்டியுள்ளன.

மற்றுமோர் அச்சமும் உண்டு. தொழிற்சங்கமே அரசியல் கட்சியாகவும் சபையின் ஆளுந்தரப்பாகவும் விளங்கும் மலையகச் சூழலில், பங்கு நிதி மக்களைச் சேராது ஆதரவாளரைச் சேரும் என்பதே அது. நியாயமான அச்சம்தான். பல்லாண்டுகளாகத் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்துவந்த கூட்டு ஒப்பந்தம், தொழிலாளிக்கு என்றுமே திறந்த ஏடாக இருந்ததில்லை. 2021 இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்ததன் பின்னர் அந்த ஏற்பாடும் செயலிழந்தது. புதிய உடன்படிக்கை எதுவாயினும், கையெழுத்திடுமுன் தோட்டத்துப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி, மலைச்சரிவுகளில் வாழ்வோருக்கு நிலமின்மை என்பது உயிராபத்தும் கூட என்பதை நிரூபித்துவிட்டது. ஆபத்தான இடத்திலிருந்து எழும்பச் சொல்வது இலகு. எங்கே போவது என்பதற்கு விடை கம்பனியின் குத்தகை எல்லைக்குள் கிடக்கின்றது. பாதுகாப்பான காணியை விடுவித்து, உறுதிப்பத்திரத்துடன் குடும்பங்களிடம் கையளிப்பதே மற்றெல்லா உடன்படிக்கைகளுக்கும் முதற்படியாகும். காணியுள்ளவனிடமே எவரும் பேரம் பேச வருவர்.

2023 ஆம் ஆண்டில் மலையக மக்கள் தமது வருகையின் 200 ஆவது ஆண்டை நினைவுகூர்ந்தபோது, மேடைகளில் பாராட்டுரைகளுக்குக் குறைவிருக்கவில்லை. நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கியவர்கள் என அனைத்துக் கட்சிகளும் புகழ்ந்தன. அப்புகழுரைகளில் உண்மை இருக்குமாயின், அடுத்த குத்தகைப் பத்திரம் தயாராகும்போது நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழும் அம்மக்களின் பெயருக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கப்படட்டும்.