அடைத்த வீட்டில் தணல்



நிறமும் மணமும் இல்லாத ஒரு நஞ்சைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். பெயர் காபனோரொட்சைட்டு. பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தில் கேட்டிருப்பீர்கள். விறகோ, கரியோ, மண்ணெண்ணெயோ, பெற்றோலோ, காற்றுப் போதாமல் எரிந்தால் இது உண்டாகும். மூச்சோடு உள்ளே போனதும், இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், உடம்புக்கு ஒட்சிசன் போய்ச் சேராது.

விறகுப் புகை என்றால் கண் எரியும், இருமல் வரும், எழும்பி வெளியே போவோம். சிவந்த தணலில் புகையே தெரியாது. அதனால்தான் அது மோசம்.

தீவுப்பகுதி வீடுகளுக்குப் போய்வரும்போது எனக்கு அதிகம் கவலை தருபவை பெண்கள் தனித்திருக்கும் வீடுகள். கணவனை இழந்தவர்கள், காணாமற்போன மகனைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், குமர்ப் பிள்ளைகளோடு இருப்பவர்கள். பொழுதுபட்டால் கதவு யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். நெடுந்தீவில் ஒரு அக்கா ஜெனரேற்றரைக்கூடக் குசினிக்குள் வைத்து ஓடவிடுகிறார். "வெளியில வைச்சா விடிய இருக்காது பிள்ளை" என்றார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆகவே யன்னலைத் திறந்துவிட்டுப் படுங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. வீட்டைப் பூட்டுங்கள், பூட்ட முன்னர் நெருப்பை வெளியே விடுங்கள். ஓடும் இயந்திரமும் நெருப்புத்தான்.

ஜெனரேற்றர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். அதன் புகைக்குழாய் வீட்டைப் பார்க்கக் கூடாது. விறாந்தையில் வைப்பதும் உள்ளே வைப்பது போலத்தான். களவு போகுமென்றால் மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். படுக்க முன் நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே எடுங்கள். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு மூன்று மாநிலங்களில் 51 பேருக்கு இந்த நஞ்சு ஏறி, 5 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஜெனரேற்றர்தான் காரணம். புயலுக்குத் தப்பியவர்கள் அவர்கள்.

அடுத்தது பிள்ளை பெற்ற வீடு. காற்றுப் படக்கூடாது என்று அறையை அடைத்து, தணல் சட்டி வைத்து, சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். கிடுகு வீட்டில் ஓலை இடுக்கால் காற்று வந்துபோகும். இப்போதைய கல்வீட்டில் அது நடக்காது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட தணல் அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்த இரண்டு இளைஞர்கள் காலையில் எழும்பவில்லை. புகை காட்டத்தான் வேண்டுமென்றால் கதவைத் திறந்து காட்டிவிட்டு, சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுப் பிள்ளைக்கு இந்த நஞ்சு தாயைவிடக் கூடுதலான ஆபத்து. தையல் வேலை செய்யும் சகோதரிகள் சிரட்டைக்கரி ஸ்திரிக்கைப் பெட்டியை விறாந்தையில் வைத்துப் பாவியுங்கள். நுளம்புக்கு வேப்பிலை போட்ட தணலும் இரவில் உள்ளே இருக்கக் கூடாது.

கிணறு பற்றியும் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. இயந்திரம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் கிணறு இறைக்கும்போது தண்ணீர்ப் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடாதீர்கள். உள்ளே இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்த செய்திகளைப் பத்திரிகைகளில் பலமுறை வாசித்திருக்கிறோம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை இதற்கு உதவாது. காபனோரொட்சைட்டு இருந்தாலும் விளக்கு எரியும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, சத்தி, காய்ச்சல் இல்லை, முற்றத்துக்கு வந்தால் சுகமாயிருக்கிறது. இப்படியென்றால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். எல்லோரையும் வெளியே எடுங்கள், நித்திரையில் கிடக்கும் பிள்ளையை முதலில். பிறகு 1990க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் செல்லும். ஒட்சிசன் முகமூடி போட்டால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் போதும். நெடுந்தீவு, நயினாதீவுப் பெண்களுக்கு இது முக்கியம். குறிகட்டுவானுக்குப் படகு ஏற முன்னரே ஒட்சிசன் தொடங்க வேண்டும். "இயந்திரப் புகை", "தணல் புகை" என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். விரலில் மாட்டும் கருவி இந்த நஞ்சேறியவருக்கும் நல்ல எண்ணையே காட்டக்கூடும்.

கனடாவின் ஒன்ராறியோவில், எரிபொருள் பாவிக்கும் வீடுகளில் இதைக் கண்டுபிடித்துச் சத்தமிடும் சிறு கருவி பூட்ட வேண்டுமென்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. ரொரன்ரோவில் உள்ள தங்கச்சி "என்ன கொண்டுவர?" என்று கேட்டால், சொக்லேற்றோடு பற்றரியில் இயங்கும் அந்தக் கருவி ஒன்றையும் கேளுங்கள். சாதாரணப் புகைக் கருவி இதற்குச் சத்தமிடாது. காபனோரொட்சைட்டுக் கருவி என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.