பஞ்சமி நிலமும் பத்திரங்களின் செல்லாமையும்

அசையாச் சொத்து ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும் வழிகளை 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் வகுத்துள்ளது. கிரயம், அடமானம், குத்தகை, பரிவர்த்தனை, தானம் ஆகியவை அவை. பஞ்சமி நிலங்கள் தலித்துகளின் கைவிட்டுப் போனது இந்த வழிகளிலும்தான். அடியாள்களைக் கொண்டு பறித்ததைப் பேசும் நாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரையுடன் பறிக்கப்பட்டதைக் குறைவாகவே பேசுகிறோம்.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்த ஆணையின் வழியே வழங்கப்பட்டவை இந்நிலங்கள். ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் அளவு. நிபந்தனை தெளிவானது: முதல் 10 ஆண்டுகளுக்கு எவருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, தானம் அளிக்கவோ கூடாது, அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இங்கே ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. சொத்தைப் பெற்றவர் அதை மாற்றவே கூடாது என முற்றாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. ஆனால் அரசு வழங்கிய நிலக் கொடைகளுக்கு அச்சட்டமே பொருந்தவில்லை. கொடையின் நிபந்தனைகள் உள்ளபடியே செல்லுபடியாயின. இதைச் சொன்னது, 2018இல் நீக்கப்பட்ட 1895ஆம் ஆண்டின் அரசுக் கொடைகள் சட்டம். அது முந்தைய கொடைகளையும் உள்ளடக்கியதால் 1892ஆம் ஆண்டின் ஆணையும் அதன் பாதுகாப்புக்குள் வந்தது. நில உரிமைப் போராட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய சட்டம் இது.

நேரடிக் கிரயம் சிக்கலானது என்று தெரிந்தவர்கள் சுற்றுவழியைத் தேர்ந்தனர். மகள் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு நிலம் போக்கியமாகும். பின்னர் ஒரு விற்பனை ஒப்பந்தம், ஒரு பொது அதிகாரப் பத்திரம், சில வேளைகளில் ஓர் உயிலும் சேரும். பவர் பெற்றவர் மனை பிரித்து விற்பார். இத்தகைய ஆவணங்களால் உரிமை மாறுவதில்லை. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறியது. பஞ்சமி நிலத்திலோ, நிபந்தனையை மீறிய பதிவுக் கிரயமும் உரிமை தராது. பதிவு என்பது ஆவணத்துக்குத்தான். விற்பவரிடம் இல்லாத அதிகாரத்தை அது உண்டாக்கிவிடாது.

எனினும் செல்லாத பத்திரம் தானாக நிலத்தை விட்டு வெளியேறுவதில்லை. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பல இடங்களில் பழைய வகைப்பாடு மறைந்து அனுபவத்தில் இருந்தவர் பெயரில் பட்டா ஏறிவிட்டது. மீட்கப்பட்டாலும் நிலம் முதலில் அரசிடமே செல்கிறது. இழந்த குடும்பம் மறுஒப்படைப்புக்காக மனுக்களோடு அலைய நேர்கிறது. 1994இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். அதன் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதே என் கணிப்பு.

கர்நாடகம் 1978இலேயே தனிச்சட்டம் இயற்றியது. நிபந்தனையை மீறிய மாற்றம், சட்டம் வருமுன் நடந்ததாயினும், செல்லாது. நிலம் முதலில் பெற்றவருக்கோ அவர் வாரிசுக்கோ மீள வேண்டும். இச்சட்டத்தை 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2017இல் அதே நீதிமன்றம், மீட்பு மனுவை நியாயமான காலத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்றதால் பல மனுக்கள் தள்ளுபடியாயின. அதற்கு மறுமொழியாக, காலவரம்பு கிடையாது என்று 2023இல் கர்நாடகச் சட்டமன்றம் திருத்தம் செய்தது. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கு இத்தகைய தனிச்சட்டம் இல்லை. வருவாய் நிலையாணைகளையும் ஒப்படைப்பு நிபந்தனைகளையும் பிடித்துக்கொண்டே வாதாடுகிறோம். சமூகநீதி பேசும் எந்தக் கட்சியும் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டது.

சட்டம் வரும்வரை ஆவணமே ஆயுதம். இன்றைய பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்து ஓய்ந்துவிடாதீர்கள். மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலையும் நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், புல எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.