ஓட்டுநரின் இருக்கையும் நடத்துநரின் படிகளும்

2024இல் ஒன்றிய அரசு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றிய போர்ட் பிளேயரில் சமதளத் தெரு அரிது. மரைன் ஹில் பகுதியும் அப்படியே: வீட்டிலிருந்து புறப்பட்டால் ஓர் இறக்கம், திரும்பி வர ஓர் ஏற்றம். கால்கள் கடந்த அந்த ஏற்றத்தை இன்று பெரும்பாலும் ஸ்கூட்டர் கடக்கிறது. வண்டி வாங்கியது குற்றமன்று. நாளெல்லாம் உழைத்துத் திரும்புபவருக்கு அது பெரும் உதவி. ஆயினும் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து பெறச் செல்பவர் கேட்கும் முதல் அறிவுரை “நடங்கள்” என்பதே. எப்போது, எங்கே நடப்பது என்பது மருந்துச் சீட்டில் எழுதப்படுவதில்லை.

உடல் அசைவின்மை சோம்பேறித்தனத்தின் விளைவு என்னும் கருத்து உழைப்பாளர் குடும்பங்களிலும் வேரூன்றியுள்ளது. அறிவியலின் தொடக்கக் கதையே இதற்கு மாறானது. 1953இல் ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 31,000 பேரின் உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்தார். இரட்டைத்தட்டுப் பேருந்தின் ஓட்டுநர் பணிநேரம் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறினார். ஒரே நிறுவனம், ஒரே வர்க்கம். மாரடைப்பும் அதனால் நேரும் திடீர் மரணமும் நடத்துநரிடையே கணிசமாகக் குறைந்திருந்தன. மோரிஸ் அத்துடன் நிறைவடையவில்லை. சீருடை அளவேடுகளைப் புரட்டி, ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே சற்றுப் பருத்தவர்களாக இருந்தனர் என்பதையும் தாமே வெளியிட்டார். எனினும் கடிதம் சுமந்து நடந்த அஞ்சல்காரரையும் மேசையில் அமர்ந்த எழுத்தரையும் ஒப்பிட்டபோதும் விடை அதே திசையைக் காட்டியது. இருவரையும் பிரித்தது மனவுறுதி அன்று, பணியின் தன்மையே.

இதயத்துக்குப் பொருந்துவது மூளைக்கும் பொருந்தும். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் ஓய்வில் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை நுகர்கிறது. இரத்த ஓட்டம் மந்தமானால் அதற்கே முதல் இழப்பு. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் முதியோர் 120 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டு முறையாக நடந்தவர்களிடம், நினைவைப் பேணும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்தது. தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் அது சுருங்கியது. மறதி நோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளுள் உடல் அசைவின்மையையும் ஒன்றாக லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. கையின் உழைப்பே மூளையை வளர்த்தது என்று 1876இல் எங்கெல்ஸ் எழுதியபோது இந்தக் கருவிகள் எவையும் இருக்கவில்லை. பரிணாமம் குறித்த அவர் கருத்தை இன்றைய ஆய்வு அப்படியே மெய்ப்பித்துவிட்டது என்று துள்ளிக்குதிக்க வேண்டியதில்லை. அவர் பார்த்த திசை மட்டும் சரியானது.

இந்தியாவில் போதிய உடல் அசைவற்ற பெரியோர் 2000இல் 22 விழுக்காடு. 2022இல் 49 விழுக்காட்டுக்கும் மேல் என மதிப்பிடப்பட்டுள்ளது. பெண்களில் 57, ஆண்களில் 42. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாடே சோம்பேறியாகிவிட்டது என்று எவரும் சொல்லத் துணியார். அதே காலத்தில்தான் நடைபாதைகளைக் கடைகளும் வாகனங்களும் விழுங்கின, பள்ளி மைதானங்களில் கட்டடங்கள் எழுந்தன, வேலைநேரம் நீண்டது. வாரத்துக்கு 70 மணி நேரம் என்று 2023இல் நாராயண மூர்த்தியும், 90 மணி நேரம் என்று 2025இல் எல் அண்டு டி தலைவரும் உபதேசித்தனர். தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த சட்டமுன்வடிவு 2023 ஏப்ரலில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அது மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதும் தோழர்கள் அறிந்ததே. அந்தப் போராட்டத்தைச் சுகாதாரப் போராட்டம் என்று அன்று எவரும் அழைக்கவில்லை, அழைத்திருக்கலாம்.

உடல் நோக உழைப்பவருக்கு இச்சிக்கல் இல்லை என்று கருதுவதும் பிழை. ஓய்வற்ற சுமைப்பணி, விரும்பிச் செய்யும் உடற்பயிற்சியின் பயனைத் தருவதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. துணிக்கடையில் நாள் முழுதும் அசையாமல் நிற்பதும் நடையாகாது. அமரும் உரிமைக்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் தேவைப்பட்டது. அந்தமானுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. செல்லுலார் சிறையில் செக்கிழுத்த கைதிகளின் உடல்கள் ஓயாமல் அசைந்தன, ஓயாமல் சிதைந்தன.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிக்கோபாரியர் கடற்கரைக் குடியிருப்புகளிலிருந்து உள்ளே பெயர்க்கப்பட்டனர். தென்னையும் படகும் தந்த வாழ்க்கையின் இடத்தை நிவாரணப் பொருளும் ரொக்கமும் பிடித்தன. அம்மக்களிடையே உயர் இரத்த அழுத்தம் பரவியிருப்பதைப் போர்ட் பிளேயரிலுள்ள ஐ.சி.எம்.ஆர். மையம் பதிவு செய்துள்ளது. இதற்கும் “நடங்கள்” என்பதே மருந்தென்றால், எதை நோக்கி நடப்பது?

கட்சிக்குள்ளும் ஒரு சொல். காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு வரை நீளும் கமிட்டிக் கூட்டங்களில் தேநீர் மட்டுமே எழுந்து நடமாடுகிறது. மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் எழுந்தால் தீர்மானம் எதுவும் தோற்றுவிடாது.

அந்தமானில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாலை ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறது. அலுவலகமும் கடையும் முடித்து மரைன் ஹில் ஏற்றத்துக்கு வரும் பெண்ணுக்கு அதற்குள் இருட்டிவிடும். வெளிச்சமுள்ள நடைபாதை ஒன்று இருந்தால் அவர் ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு நடப்பாரா என்பது அவருடைய விருப்பம். நடைபாதையும் விளக்கும் நகராட்சியின் பொறுப்பு. அதைக் கேட்டு மனு எழுத வேண்டியது கிளையின் வேலை.